செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வானில் ஆளுக்கொரு பொருளைப் படமெடுப்பதை விட்டுவிட்டு எல்லோருடைய கேமராவையும் ஒரே இலக்கின் மேல் வைப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். ஒளிரும் வாயு மேகமான ஓரியன் நெபுலாவை யார் எடுத்தாலும் அழகாக வரும். மங்கலான நெபுலாக்கள் அப்படியல்ல. படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல் பாதியாகக் குறைய நான்கு மடங்கு நேரம் ஒளி சேர்க்க வேண்டும்; தனி ஆளால் ஆகிற காரியமா அது? அதிகம் படமெடுக்கப்பட்ட ஆண்ட்ரொமிடா காலக்ஸிக்குப் பக்கத்திலேயே யார் கண்ணிலும் படாத, ஆக்சிஜன் ஒளி வீசும் வளைவு ஒன்றை 2022-இல் ஐரோப்பிய அமெச்சூர் குழு ஒன்று பிடித்தது. நூறு மணி நேரத்துக்கு மேல் ஒளி சேர்த்த பிறகே அது தெரிந்தது.

நாம் எடுத்துக்கொண்டது தென்வானின் வேலா சூப்பர்நோவா எச்சம். சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த விண்மீனின் மிச்சம். அந்த விண்மீனின் கரு இன்றும் நொடிக்கு 11 முறை சுழல்கிறது. சிதறிய வாயு வானில் 8 பாகை அகலத்துக்குப் பரந்திருக்கிறது, அதாவது பதினாறு முழுநிலவுகளை வரிசையாக வைத்த அகலம். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இது தொடுவானுக்கு மேலே வருவதே இல்லை. நமக்கோ மாசி அமாவாசையை ஒட்டி இரவு பத்து மணி வாக்கில் தெற்கே 32 பாகை உயரத்தில் நிற்கிறது. நாம் படமெடுக்க ஏறிய இதே ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்துக்கும் தென்வானம் எட்டுவது பெரிய வசதி. அந்த வசதி நமக்கும் இருக்கும்போது பயன்படுத்தாமல் விடலாமா?

எச்சத்தின் வாயு விடும் இரு நிற ஒளிகளின்படி வேலையை இரண்டாகப் பிரித்தோம். ஒன்று ஹைட்ரஜன் விடும் ஹைட்ரஜன் ஆல்பா, 656.3 நானோமீட்டர் சிவப்பு ஒளி. அந்த நிறத்தை மட்டும் உள்ளே விடும் குறுகிய பட்டை ஃபில்டர் போட்டால் ஊருக்குள் மொட்டை மாடியிலிருந்தே எடுக்கலாம். 500.7 நானோமீட்டரில் இருக்கும் நீலப்பச்சை ஆக்சிஜன் ஒளிதான் சிக்கல். பழைய சோடியம் விளக்கின் மஞ்சளை ஃபில்டர் தடுத்துவிடும், எல்.இ.டி. தெருவிளக்கோ எல்லா நிறத்திலும் ஒளிர்வதால் கொஞ்சம் உள்ளே வந்துவிடுகிறது. ஆக்சிஜனுக்காக மலையேறியே தீர வேண்டியிருந்தது.

மலையில் 135 எம்.எம். லென்ஸ், ஐந்தைந்து நிமிட எக்ஸ்போஷர். நள்ளிரவு தாண்டியதும் பனி இறங்கும். பனி படியாமல் சூடாக்கும் டியூ ஹீட்டர் பட்டையைச் சுற்றாத லென்ஸ் சீக்கிரமே மங்கிவிடும். தனிப் படம் ஒன்றைத் திறந்தால் நட்சத்திரங்களைத் தவிர ஒன்றும் தெரியாது. எல்லோருடைய கோப்புகளையும் அடுக்கி, மங்கலான பகுதிகள் தெரியும்படி ஸ்ட்ரெட்ச் செய்தபோது சாம்பல் பின்னணிக்குள்ளிருந்து முதலில் எட்டிப் பார்த்தது பென்சில் நெபுலா, 1835-இல் ஜான் ஹெர்ஷல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கண்ட மெல்லிய கீற்று. அப்புறம் அதற்கு மேற்கே இழை இழையாக முழு வலையும் விரிந்தது. மாடியிலிருந்து எடுத்தவர்களின் சிவப்பும் மலையில் எடுத்த நீலப்பச்சையும் சேர்ந்த அந்தப் படத்தில் யாருடைய பங்கு எது என்று பிரிக்கவே முடியாது. இவ்வளவு நிறைவு தந்த படம் நம் சங்கத்தில் வேறில்லை.

பள்ளிகளில் வான்நோக்கு நிகழ்ச்சிகள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார்.

வரும் ஆண்டுக்கு சிமெய்ஸ் 147-ஐப் பரிந்துரைக்கிறேன். ரிஷபத்துக்கும் அவுரிகாவுக்கும் இடையே 3 பாகை அகலத்தில் கிடக்கும், வேலாவைவிட மங்கலான எச்சம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழி, தையில் வானம் தெளிந்ததும் தொடங்கலாம். இன்னொரு ஆக்சிஜன் ஃபில்டர் வாங்க இந்தக் கூட்டம் ஒப்புதல் தர வேண்டும். படம் தருபவர்கள் ஜேபெக் வேண்டாம், கேமரா பதிந்தபடியே இருக்கும் ரா கோப்புகளாகவே கொடுங்கள். கேமராவின் சொந்த இரைச்சலைக் கழிக்க, அதே வெப்பநிலையில் லென்ஸை மூடி எடுத்த டார்க் பிரேம்களையும் சேர்த்து.