ரூசோவுக்கு இடம் கொடுத்தவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, தத்துவ அறிஞர் ரூசோ பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பாரிஸில் கைது ஆணை, ஜெனீவாவில் புத்தகங்களுக்குத் தீ, பெர்ன் ஆட்சியாளர்கள் கிளம்பச் சொன்னது என்று 1762-ஆம் ஆண்டின் அலைச்சலை நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் அவர், அப்போது பிரஷ்ய (இன்றைய ஜெர்மனியின் ஒரு பகுதி) மன்னரின் ஆட்சியில் இருந்த நியூஷாத்தெலின் மோத்தியே கிராமத்தில் ஒதுங்கிய இடம் வந்ததும், ‘பிரஷ்ய ஆளுநர் அனுமதித்தார்’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஆளுநர் ஜார்ஜ் கீத், ஸ்காட்லாந்தில் ‘ஏர்ல் மாரிஷல்’ என்ற பரம்பரைப் பிரபுப் பட்டத்தின் பத்தாவது வாரிசு.

அவரே வீடிழந்தவர். 1715-இல், பிரிட்டன் அரியணையை இழந்திருந்த ஸ்டூவர்ட் வம்சத்துக்காக வாளெடுத்துத் தோற்றார். குடும்பத்தின் டன்னாட்டர் கோட்டை உட்பட எல்லாம் பறிபோயிற்று. 1719-இல் சுமார் 300 ஸ்பானிய வீரர்களோடு திரும்பி வந்தார். ஸ்காட்லாந்தின் கிளென்ஷீலில் மறுபடியும் தோல்வி. அப்புறம் நாற்பது வருடத்துக்கு மேல் அந்நிய மண்தான். பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக்தான் அவரைப் பாரிஸுக்கும் மாட்ரிட்டுக்கும் தூதராக அனுப்பினார், நியூஷாத்தெல் ஆளுநராகவும் வைத்தார்.

தம்பி ஜேம்ஸ் பிரஷ்யப் படையின் ஃபீல்டு மார்ஷல். 1758-இல் ஹோக்கிர்ஷ் போரில் இறந்தார். அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னபோது அண்ணன் கொடுத்தது லத்தீனில் நான்கே சொற்கள்: ‘நேர்மையாக வாழ்ந்தான், வீரனாக இறந்தான்.’ துருக்கியரோடு நடந்த போரில் தம்பியின் கையில் வந்து சேர்ந்த எமெதுல்லா என்ற சிறுமியை மகளாக வளர்த்தவரும் இந்த அண்ணன்தான்.

இப்படிப்பட்டவர் ரூசோவை ‘மகனே’ என்று அழைத்தார். நண்பர்கள் பலரிடமும் மனம் கசந்துபோன ரூசோ, இவரை ‘அப்பா’ என்றார். 1763-இல் ரூசோவுக்கு நியூஷாத்தெல் குடியுரிமையும் கிடைக்கச் செய்தார் கீத். ‘அனுமதித்தார்’ என்பது அரசாங்கக் காகிதத்துக்குச் சரி, இதற்குப் போதாது. கீத் ஊரைவிட்டுப் போனபின், 1765-இல், ரூசோவின் வீட்டின்மேல் கல் விழுந்ததையும் சேர்த்துப் பாருங்கள்.

1759-இல் பிரிட்டன் கீத்தை மன்னித்தது. 1764-இல் பழைய நிலத்தில் ஒரு பகுதியைத் தன் காசிலேயே திரும்ப வாங்கினார். ஆனாலும் அங்கே தங்க மனம் ஒப்பவில்லை. பிரஷ்யாவின் போட்ஸ்டாமுக்கே போய், பிரெடெரிக்கின் சான்சூசி அரண்மனை அருகே மன்னர் தந்த வீட்டில் 1778 மே மாதம் காலமானார். ஜூலையில் ரூசோவும் மறைந்தார்.

கீத்துக்கென்று ஒரு தனிக் கட்டுரை போடுங்கள். டன்னாட்டர் கோட்டை இன்றும் கடலோரப் பாறைமேல் இடிந்து நிற்கிறது. அதன் படம் ஒன்றையும் சேர்த்துப் போட்டால் மகிழ்வேன்.

தங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்