மாட்ரிட்டில் இருக்கும் மகனுக்கு

லொக்ரோஞ்ஞோ, ஸ்பெயின், ஜூலை 1866

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குத்தான் அந்த முழங்கால் வலி. கொடியில் காய் பரவாயில்லை. இதைத் தபாலில் போடாமல் திராட்சரச வியாபாரியிடம் கொடுத்தனுப்புகிறேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

போன மாதம் மாட்ரிட்டில் நடந்த பட்டாளக் கலகத்துக்காகச் சுடப்பட்டவர்களின் பேர்களைக் கிடைத்தவரை வாசித்துப் பார்த்தேன். மொத்தம் 66 பேராம், முக்கால்வாசியும் சார்ஜெண்டுகள். உன் பேர் இல்லை. அம்மா உடனே மாதா கோவிலுக்கு ஓடினாள். பேர் இல்லாதவன் ஒரு கடிதம் எழுதக் கூடாதா?

நேரத்துக்குச் சாப்பிடு. போன வருஷத்துக் காலரா திரும்பி வரும் என்கிறார்கள், கண்ட இடத்தில் தண்ணீர் குடிக்காதே. பட்டாளத்தில் வாயைக் கட்டு.

நம் தெருவில் பீரங்கிப்படைக்குப் போய்ச் சார்ஜெண்ட் பட்டை வாங்கியவன் நீ ஒருவன்தான். அதை நான் சொல்லாத ஆள் இந்த ஊரில் இல்லை. செகோவியா பீரங்கிப் பள்ளியில் படித்த பெரிய வீட்டுப் பிள்ளைதான் அதிகாரியாகலாம், நீங்கள் கிழவனானாலும் சார்ஜெண்டுதான் என்றால் வயிறு எரியத்தான் செய்யும். நீ லீவில் வந்து குமுறியது தப்பில்லை. அதற்காக ஜூன் 22 விடியலில் சான் ஹில் பீரங்கிப் பாசறையில் சார்ஜெண்டுகள் சொந்த அதிகாரிகளையே சுட்டுக் கொல்வதா? முற்போக்குக் கட்சியின் பிரிம் தளபதியை நம்பி எழும்பினார்கள். அவர் ஜனவரியில் வில்லாரெஹோவில் எழும்பிப் பார்த்து, நடக்காதென்றதும் போர்த்துகலுக்குள் போய்விட்டார். தளபதிக்குத் தாண்ட ஒரு எல்லை கிடைத்தது. சார்ஜெண்டுகளுக்குச் சுவர்தான் கிடைத்தது.

1836 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, கொட்டுகிற பனியில் பில்பாவோ பக்கத்து லுச்சானாப் பாலத்துச் சண்டையில் நின்றவன் நான். இசபெல் ராணிக்கு அப்போது ஆறு வயசு. சித்தப்பன் தோன் கார்லோஸ் பிடுங்கப் பார்த்த சிம்மாசனத்தை அந்தப் பிள்ளைக்குக் காப்பாற்றிக் கொடுத்தோம். இன்று அவளுக்கு 35. அரண்மனையில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் கிளாரெட் சாமியாரும், சோர் பத்ரோசினியோ என்ற கன்னியாஸ்திரியும் வைத்ததே சட்டம் என்று சந்தையில் பேசுகிறார்கள். முற்போக்குக் கட்சிக்காரர்களை ஆட்சிக்கு அழைக்கவே மாட்டாள். அவர்களும் 1863-லிருந்து தேர்தல் பக்கமே வருவதில்லை. பிறகு கலகம் வராமல் என்ன வரும்? அதை அடக்கிக் கொடுத்த பிரதமர் ஒடோனலையும் வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அவர் இடத்தில் மறுபடி நார்வாயெஸ்! போன வருஷம் ஏப்ரலில் மாணவர்கள்மேல் சுட்டதும் அவர் ஆட்சிதானே.

போதும், நான் வாயை மூடுகிறேன். நீயும் கட்டு.

லுச்சானாவில் எங்கள் தளபதியாக இருந்த எஸ்பார்டெரோவிடம் போய் ஒரு சிபாரிசுக் கடிதம் கேட்கச் சொல்லி அம்மா நச்சரிக்கிறாள். தினமும் அவர் வாசலைத் தாண்டித்தான் போகிறேன். லுச்சானாவில் நின்றவன் என்றால் உள்ளே விடுவார்கள். ஆனால் அவர் சொல் மாட்ரிட்டில் எடுபட்ட காலம் பத்து வருஷத்துக்கு முன்பே போய்விட்டது.

ஒரு வரி எழுது. அன்று எந்தப் பக்கம் நின்றாய் என்று எழுத வேண்டாம். பிறகு அந்தச் சார்ஜெண்டுகளைச் சுவரோரம் நிறுத்தியபோது, துப்பாக்கி கொடுத்து யாரை எதிரே நிறுத்தினார்கள் என்றும் எழுத வேண்டாம். நானும் பட்டாளத்தில் இருந்தவன், உத்தரவு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு இதெல்லாம் தோன்றவில்லை, தோன்றவும் வேண்டாம்.

பதிலைத் தபாலில் போடாதே. வியாபாரி வெள்ளிக்கிழமை திரும்புகிறார், அவரிடமே கொடு. பூட்ஸ் வாங்க அம்மா கொஞ்சம் காசு முடிந்து கொடுத்திருக்கிறாள். எண்ணி வாங்கிக்கொள்.

அப்பா