வெள்ள எச்சரிக்கை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். வானிலை மையங்களிலும் ஆற்று நீர்மட்டத்தைக் கண்காணிக்கும் அறைகளிலும் இரவெல்லாம் கண்விழித்து வேலை பார்க்கிறீர்கள். உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனமழை வரும் என்றீர்கள், வந்தது. ஆனால் நீங்கள் சொன்ன விதத்தில் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அன்று மாலை கைபேசிக்கு வந்த செய்தி இதுதான்: ‘சில இடங்களில் கனமழை பெய்யக்கூடும். பொதுமக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்.’ அந்தக் கோடை முழுக்க ஏறக்குறைய தினமும் இதே வாசகம் வந்துகொண்டிருந்தது. படித்தேன், ஜன்னலைச் சாத்தினேன், படுத்துவிட்டேன். நள்ளிரவில் விழித்தபோது வாசல் பக்கம் தண்ணீரே இல்லை. குளியலறைக் கழிவுநீர்த் துளை வழியாகச் சத்தமில்லாமல், கறுப்பாக ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் நடக்க முடியாத பெரியவர் ஒருவர். அதற்குள் தெருவிலும் தண்ணீர் ஏறிவிட்டது. நாங்கள் மூன்று பேர் அவரை நாற்காலியோடு தூக்கி, இடுப்பளவு தண்ணீரில், இருட்டில், எதிர்வீட்டு மாடிக்குக் கொண்டு சேர்த்தோம். வழியெல்லாம் அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். இரண்டு மணி நேரம் முன்னால் தெரிந்திருந்தால் காலே நனையாமல் அழைத்துப் போயிருப்போம்.

மழை விடாத கோடையில் வரும் வெள்ளம் வேறு மாதிரியானது. வாரக்கணக்கில் நனைந்த மண் ததும்பும் குடம் மாதிரி; அதன் மேல் விழும் மழை அப்படியே வழிந்து ஓடும். பருவத் தொடக்கத்தில் மண் குடித்துவிட்ட அதே 50 மில்லிமீட்டர், இரண்டு மாதம் கழித்து வீட்டுக்குள் நுழைகிறது. இங்கிலாந்தில் 2007-இல் நடந்தது இதுதான். அந்த ஆண்டு மே முதல் ஜூலை வரை பெய்த மழைக்கு, 1766-இல் தொடங்கிய பதிவுகளில் இணை கிடையாது. ஊறிப்போன நிலத்தின் மேல் ஜூலையில் கொட்டியதில் மைத் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையமே மூழ்கி, சுமார் 3,50,000 பேர் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தார்கள். நிலைமை சீராக 17 நாள் வரை ஆனது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இப்படிப்பட்ட கோடைகள் இனியும் வரும். அதனால் எச்சரிக்கையில் மழையளவோடு மண்ணின் நிலையையும் சொல்லுங்கள். ‘நிலம் நிரம்பிவிட்டது, இனி பெய்வது தங்காது’ என்ற ஒரே வரி வந்திருந்தால் நான் அன்று படுத்திருக்க மாட்டேன்.

ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கிறது. 2021 ஜூலை 14. ஆர் ஆறு 5 மீட்டருக்கு மேல் உயரும் என்ற கணிப்பு அன்று பிற்பகலிலேயே வந்துவிட்டது. அதற்கு முந்தைய பதிவு 2016-இல் வந்த 3.71 மீட்டர். நடுவில் கணிப்பைக் குறைத்தார்கள், பிறகு மறுபடி கூட்டினார்கள். ஆற்றின் இருபுறமும் 50 மீட்டருக்குள் இருப்பவர்கள் வெளியேறும்படி அறிவிப்பு வந்தபோது இரவு 11 மணி ஆகிவிட்டது. சின்சிக் நகரில் மாற்றுத்திறனாளிகள் தங்கியிருந்த இல்லத்தில் 12 பேர் இறந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 5 மீட்டர் என்ற எண் இருந்தது. அது யார் வீட்டு எந்தப் படிவரை வரும் என்று சொல்ல ஆள் இல்லை.

நான் கேட்பதும் அதைத்தான். எந்தத் தெரு, எவ்வளவு உயரம், எத்தனை மணிக்குள் கிளம்ப வேண்டும் என்று எழுதுங்கள். கணிப்பு மாறினால், ‘மாறியிருக்கிறது, ஆனாலும் கிளம்புங்கள்’ என்று எழுதுங்கள். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரியவர்களைக்கூடத் தள்ளிவிடும், 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போகும் என்பதை அந்தச் செய்தியிலேயே சேருங்கள். கணுக்கால் அளவுதானே என்று இறங்குகிறவர்கள் எத்தனையோ பேர். அப்புறம், செயலி வைத்திருப்பவருக்கு மட்டும் செய்தி போனால் போதாது. ஜெர்மனி 2023 பிப்ரவரியில் செல் பிராட்காஸ்ட் முறையைத் தொடங்கியது. அந்த வட்டாரத்துக் கோபுரத்தின் கீழ் இருக்கிற, அந்த வசதி உள்ள கைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறும். கைபேசியே இல்லாதவருக்குச் சைரனும் ஒலிபெருக்கியும் வேண்டும். தப்பாகச் சொல்லிவிட்டால் மக்கள் திட்டுவார்களே என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். வெள்ளம் வராமல் போன இரவுக்காக நாங்கள் உங்களைத் திட்ட மாட்டோம். என் தெருக்காரர்களைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களால் முடிந்ததையும் செய்து வைத்திருக்கிறோம். தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் பெயின்டால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதியிருக்கிறோம். தனியாக எழுந்து நடக்க முடியாதவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள், யார் அவர்களைத் தூக்குவது என்று ஒரு பட்டியலும் தயார். அடுத்த மழைக்கு முன் யாரையாவது அனுப்பி அந்தக் கோடுகளை அளந்துகொண்டு போங்கள்.

இப்படிக்கு,
தண்ணீர் புகுந்த தெருவிலிருந்து ஒருவர்