ரியாத் கிளம்பும் தோழிக்கு

மஸ்கட்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் வீட்டுக்காரருக்கு ரியாத் இந்தியத் தூதரகத்தின் ராணுவப் பிரிவில் போஸ்டிங் என்று படித்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. ஜெய்சல்மேரில் பக்கத்துப் பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்தபோது, இனிமேல் மணலே வேண்டாம் என்று சேர்ந்து புலம்பியவர்கள் நாம். இப்போது இரண்டு பேருக்கும் அரேபியா.

ஆனால் அடுத்த பத்தியில் நீ எழுதியிருந்தது மனதை உறுத்துகிறது. பெண்ணுக்குப் பத்தாம் வகுப்பு வருகிறது, அதனால் அவர் மட்டும் போகட்டும், நீயும் அவளும் கணவர் கூட இல்லாத குடும்பங்களுக்கு ராணுவம் தரும் எஸ்.எஃப். குவார்ட்டர்ஸில் இருந்துகொள்கிறீர்கள், பரீட்சை முடிந்ததும் பார்க்கலாம் என்கிறாய். மற்ற கதைகள் அப்புறம். முதலில் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். மூன்று பேரும் சேர்ந்தே போங்கள்.

நம் வீட்டு ஆண்களின் ராணுவ சர்வீஸில் பாதி, குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாத ஃபீல்டில் போய்விடுகிறது. பீஸ் ஸ்டேஷன் என்று வந்தாலும் எக்ஸர்சைஸ், கோர்ஸ் என்று ஏதாவது ஒன்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். தூதரகப் போஸ்டிங்கில்தான் அப்பா கிட்டத்தட்ட எல்லா ராத்திரியும் வீட்டில் சாப்பிடுகிறார். உன் பெண்ணுக்கு இப்போது பதினாலு வயது. இந்தப் போஸ்டிங் முடியும்போது அவள் காலேஜுக்குக் கிளம்பியிருப்பாள். அப்பாவோடு ஒரே வீட்டில் தொடர்ந்து இருக்க அவளுக்கு இன்னொரு வாய்ப்பு எப்போது வரும், சொல்லு?

சேர்ந்து இருப்பது உடனே இனிமையாக இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். இவர் வடக்கே மலையில் இருந்த காலமெல்லாம் வீட்டுச் சட்டம் என்னுடையது. தூங்கும் நேரம், டிவி நேரம், டியூஷன், கைச்செலவு எல்லாம் நானும் பிள்ளைகளும் பேசி வைத்துக்கொண்டது. இங்கே வந்ததும் இவர் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார். அலமாரி ஏன் இப்படி இருக்கிறது, ஷூ ஏன் இங்கே கிடக்கிறது என்று இன்ஸ்பெக்‌ஷன் ஆரம்பமாகிவிடும். பெரியவன் எதைக் கேட்பதானாலும் அவரைத் தாண்டி என்னிடம் வந்து நிற்பான். அது இவருக்கு எவ்வளவு வலித்தது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. "நான் இந்த வீட்டுக்கு கெஸ்ட்டா?" என்று ஒரு ராத்திரி கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். வெள்ளிக்கிழமை முழுக்க அப்பாவும் பெரியவனும் மட்டும். எங்கே போவது என்பதை அவன்தான் முடிவு செய்ய வேண்டும். அப்படித்தான் ரூவியில் இருக்கும் பைத் அல் ஃபலாஜ் கோட்டைக்குப் போனார்கள்; இப்போது அது ராணுவ அருங்காட்சியகம். 1915 ஜனவரியில் மஸ்கட்டைப் பிடிக்க உள்நாட்டுப் பழங்குடிப் படைகள் இறங்கி வந்தபோது, அந்த இடத்தில் நின்று தடுத்தது இந்தியச் சிப்பாய்கள், 95ஆம் ரஸ்ஸல்ஸ் இன்ஃபன்ட்ரியும் 102ஆம் கிரெனேடியர்ஸும். வீட்டுக்கு வந்த பெரியவன் என்னிடம் கேட்டது இதுதான்: "அவங்க பொண்டாட்டி பிள்ளைங்கல்லாம் எங்கேம்மா இருந்தாங்க?" ஊரில்தான் இருந்திருப்பார்கள், வேறெங்கே. கடல் தாண்டிப் போனவர் திரும்புவாரா என்று தெரியாமல். இவர் அவன் தோளில் கை போட்டு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் நீ எஸ்.எஃப். குவார்ட்டர்ஸில் உட்கார்ந்துகொண்டு போனில் கேட்கவா போகிறாய்?

சரி, படிப்புக்கு வருகிறேன். உன் பயம் நியாயமானதுதான். சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதும் பத்தும் சேர்ந்து இரண்டு வருடப் படிப்பு. நினைத்தபோது நடுவில் பள்ளி மாற்ற முடியாது. ஆனால் பெற்றோரின் இடமாற்றம் போர்டே ஏற்றுக்கொள்ளும் காரணம். போஸ்டிங் ஆர்டர் நகல், ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண், ரிஜிஸ்ட்ரேஷன் எண், டி.சி. எல்லாம் கையில் இருக்கட்டும். ரியாத்தில் இந்தியப் பள்ளி சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம்தான், ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பிரிவு. அவள் எடுத்திருக்கும் மொழிப்பாடம் அங்கே உண்டா என்று இன்றைக்கே கேள். அது மட்டும் ஒத்துப்போனால் மற்றதெல்லாம் வெறும் பேப்பர் வேலை. அவள் எத்தனை ஸ்கூல் மாறியிருப்பாள், யோசித்துப் பார். நம் பிள்ளைகளுக்குப் புது வகுப்பில் போய் உட்காரத் தெரியும். அப்பா இல்லாத வீட்டுக்கும் பழகிக்கொள்வார்கள், எனக்கு அந்தப் பழக்கம்தான் பயம்.

வெயிலைப் பற்றிக் கேட்டிருந்தாய். மஸ்கட்டும் ரியாத்தும் ஒன்றில்லை. நமக்குத் தார் பாலைவன வெயில் பழக்கம்தானே என்று நினைத்து இங்கே வந்தேன். இது வேறு வெயில். கடல் பக்கத்தில் இருப்பதால் காற்றெல்லாம் ஈரம், வியர்வை காயாது. ராத்திரியும் இறங்காது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் குரையாத்தில் 2018 ஜூன் 26 அன்று ஒரு நாள் முழுக்க வெப்பம் 42.6 டிகிரிக்குக் கீழே போகவே இல்லை, ராத்திரியும் சேர்த்து. ஜெய்சல்மேரிலிருந்து கொண்டுவந்த கூலரை இங்கே போட்டால் வீடு இன்னும் புழுங்கும். ரியாத் அப்படி இல்லை. கடலை விட்டு வெகு தூரம், 600 மீட்டர் உயரம், காற்று எலும்பு வரை காய்ந்தது. அங்கே நம் ஜெய்சல்மேர் அனுபவம் அப்படியே கைகொடுக்கும்; கூலரும் வேலை செய்யும். ஆனால் மூக்கில் ரத்தம் வரும், உதடு வெடிக்கும், புழுதிக்காற்று வரும். ஜனவரி ராத்திரிகளில் 10 டிகிரிக்குக் கீழே போய்விடும். ஸ்வெட்டர்களைத் தானம் செய்துவிடாதே.

ஜூலை, ஆகஸ்டில் போய் இறங்காமல் பார்த்துக்கொள். உடம்பு புது வெயிலுக்குப் பழக ஒன்று இரண்டு வாரம் எடுக்கும். அதற்குள் வியர்வை சீக்கிரமே சுரக்க ஆரம்பிக்கும், அதில் போகும் உப்பும் குறையும். அந்த வாரங்களில் பிள்ளையை மத்தியானம் வெளியே விளையாட விடாதே. சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் 12 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் ஆட்களை வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை. கட்டட வேலைக்கு வந்திருக்கும் நம் ஊர்ப் பையன்கள் அந்த நேரத்தில் சுவர் நிழலில் படுத்திருப்பதைப் பார்க்கும்போது மனசு என்னவோ செய்யும். நமக்கு ஏசி காரும் வீடும் இருக்கிறது. பாலைவனம் முழுசாக அவர்களுக்குத்தான்.

இன்னொன்று. கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். இங்கே எல்லாரும் கீசர் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். கீசர் வீட்டுக்குள் ஏசியில் இருப்பதால் அதிலிருக்கும் தண்ணீர்தான் ஆறியது; சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து குளிப்போம். சின்னவளுக்கு இது பெரிய வேடிக்கை. ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் வீணாக்கத் தோன்றாது. சவூதியில் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. ரியாத்துக்குக் குடிதண்ணீரில் பெரும்பகுதி கிழக்குக் கடலில் உப்பு நீக்கி, 400 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் ஏற்றிக் கொண்டுவருவது.

மழையைப் பார்த்து மட்டும் ஏமாந்துவிடாதே. பாலைவனத்தில் மழை வந்தால் வாதிகளில், அதாவது காய்ந்து கிடக்கும் ஆற்றுப்படுகைகளில், வெள்ளம் சட்டென்று இறங்கும். மலையில் பெய்தது நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. 2024 ஏப்ரலில் இங்கே சமத் அல் ஷான் பகுதியில் பள்ளிக் குழந்தைகள் போன வண்டியை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு மேகம் கறுத்தாலே எனக்கு அடிவயிறு கலங்குகிறது. ஓடும் தண்ணீரில் காரை இறக்கவே கூடாது, கணுக்கால் ஆழம்தான் என்று தோன்றினாலும்.

பெட்டி கட்டுவது பற்றி நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தவள், நான் என்ன சொல்ல? கறுப்புப் பெட்டிகளில் பாதியை ஊரிலேயே விட்டுவிடு. மிக்ஸியை எடுத்துக்கொள். கிரைண்டரை யோசித்துச் செய். சவூதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. கிரைண்டர் மோட்டாரின் வேகம் அதைப் பொறுத்தது. மிக்ஸிக்கு அந்தக் கவலை இல்லை. பழைய வீடாக இருந்தால் சில பிளக்குகளில் 127 வோல்ட்தான் வரும், கேட்டுவிட்டுச் சொருகு. அப்புறம் கசகசா! ஒரு சிட்டிகைகூட வேண்டாம். சவூதியில் அது போதைப்பொருள் கணக்கில் வரும். உன் அம்மா அரைத்துக் கொடுக்கும் குருமாப் பொடியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு இருக்கட்டும். கோடீன், டிரமடால் கலந்த எதையும் முன்னதாக விசாரிக்காமல் எடுத்துப் போகாதே. எம்.ஹெச்.சில், நம் ராணுவ ஆஸ்பத்திரியில், அள்ளிக் கொடுத்த பொட்டலங்களை அப்படியே பையில் போட்டுக்கொண்டு போகும் பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

இதெல்லாம் சமாளித்துவிடலாம். எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது வேறு. இங்கே கண்டோன்மென்ட் இல்லை. அது இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று போவதற்கு முன்னால் யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் உனக்குச் சொல்கிறேன். எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் முதல் நாளே யாராவது ஒரு அம்மா சாப்பாடு அனுப்பிவிடுவார்களே. எந்தக் கடையில் பால், எந்த டீச்சர் நல்லவர் என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். அவர்கள் ஃபீல்டில் இருந்தபோது நம்மைத் தாங்கியது யூனிட். இங்கே யூனிட் என்று யாரும் இல்லை. அடுக்குமாடியில் மேலே யார், கீழே யார் என்று தெரியாது. ஆவா மீட்டிங்கை, ராணுவ வீட்டுப் பெண்கள் சங்கக் கூட்டத்தை, எத்தனை தடவை சலித்துக்கொண்டிருக்கிறோம்; இங்கே வந்த முதல் மாதங்களில் அதற்காக அழுதேன். வேலையும் போனது. தூதரகக் குடும்பத்தினர் அந்த நாட்டின் அனுமதி இல்லாமல் சம்பள வேலை பார்க்க முடியாது. நீயும் ஆர்மி பப்ளிக் ஸ்கூலை விட்டுவிட்டு வரப்போகிறாய், அது உனக்கு வலிக்கும். வலிக்காது என்று ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஆட்கள் இல்லாமல் இல்லை. நாம்தான் போய்க் கதவைத் தட்ட வேண்டும். பள்ளி வாசலில், முத்ராவில் பழைய சிவன் கோயிலில், தமிழ்ச் சங்கத்தில் என்று தேடித் தேடி நான் சேர்த்துக்கொண்ட கூட்டம் இப்போது பெரிது. நர்ஸ் இருக்கிறார், கப்பல் இஞ்சினியர் மனைவி இருக்கிறார், முப்பது வருடமாக இங்கேயே கடை வைத்திருக்கும் ஒரு அக்கா இருக்கிறார். ரேங்க் பார்க்காமல் பழகுவது எப்படி என்று இவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன். உனக்கு ஒரு வசதி உண்டு. தூதரகம் இருக்கும் டிப்ளமாட்டிக் குவார்ட்டர் வாசலில் காவலும் உள்ளே மரங்களும் நடைபாதைகளுமாக இருக்கும் இடம். வீடு அதற்குள்ளேயா வெளியேயா என்று இப்போதே கேட்டுக்கொள். காரையும் நீயே ஓட்டலாம். 2018 ஜூனிலிருந்து அங்கே பெண்கள் ஓட்டுகிறார்கள். வலது பக்கப் போக்குவரத்து, அவ்வளவுதான்.

சண்டை வந்தால் என்ன செய்வது என்று உன் மாமியார் கேட்டதாக எழுதியிருந்தாய். அந்தப் பயம் எனக்கும் உண்டு. பாஸ்போர்ட்டும் சான்றிதழ்களும் ஒரே பையில் எப்போதும் தயாராக வைத்திருக்கிறேன், நீயும் வை. 2023இல் சூடானிலிருந்து நம் மக்களைக் கப்பலிலும் விமானத்திலும் ஜெட்டாவுக்குக் கொண்டுவந்தபோது, அங்கிருந்த இந்தியப் பள்ளியில்தான் தங்கவைத்தார்கள். ஆபரேஷன் காவேரி. ஆபத்து வந்தால் நம் நாடு எப்படி வரும் என்று மாமியாரிடம் அதைச் சொல்லு.

அம்மாவின் முட்டி ஆபரேஷன் என்ன ஆயிற்று? தேதி குறித்தார்களா? அது முடிந்து அவர் நடக்கும் வரை நீ தள்ளிப்போடுவதானால் அதை நான் ஒத்துக்கொள்கிறேன். பத்தாம் வகுப்புக்காக மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பள்ளிக்கு எழுதிக் கேட்டதும் என்ன சொன்னார்கள் என்று உடனே எழுது.

உன் தோழி