பந்தியும் காணிக்கையும்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைகளில் நாலைந்து குடும்பம் உன் வீட்டில் கூடி வேதம் வாசித்துச் சாப்பிடுகிறீர்கள் என்று தம்பி சொன்னான். நீ சொல்லவில்லை. இருக்கட்டும், சந்தோஷம்தான். ஆதிச் சபை வளர்ந்ததே வீடுகளில்தானே. சிரியாவில் யூப்ரட்டீஸ் ஆற்றங்கரையில் தூரா யூரோப்போஸ் என்ற பழைய ஊரில் தோண்டியெடுத்த வீட்டில், இரண்டு அறைக்கு நடுச்சுவரை இடித்துக் கூடமாக்கி, இன்னொரு அறையில் ஞானஸ்நானத் தொட்டி கட்டியிருந்தார்கள். கி.பி. 256-இல் அந்த ஊர் முற்றுகையில் விழுவதற்கு முன்பே.

எனக்குப் பயம் சாப்பாட்டையும் பணத்தையும் பற்றித்தான்.

கிரேக்க நாட்டுக் கொரிந்து பட்டணத்துச் சபையைப் பார். ரோமானிய வீட்டின் சாப்பாட்டு அறையில் மூன்று சாய்விருக்கை, ஒன்றுக்கு மூன்று பேர் என்று வழக்கமாக ஒன்பது பேருக்குத்தான் இடம். மற்றவர்களுக்கு முற்றம்தான். வசதியானவர்கள் முந்தி வந்து உள்ளே சாப்பிட்டு முடித்திருப்பார்கள். அடிமையும் கூலிக்காரனும் வேலை முடித்து வரும்போது பாத்திரம் காலியாயிருக்கும். "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று அப்போஸ்தலன் பவுல் அவர்களுக்கு எழுதிக் கடிந்தது இதைத்தான். அவர் கேட்டதெல்லாம் ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதே. ஷிப்ட் முடிந்து வரும் நர்ஸ் பிள்ளைகளுக்காகக் காத்திரு. உங்கள் வாட்ச்மேன் குடும்பத்தையும் கூப்பிடு. உன் ஆபீஸ்காரர்கள் மட்டுமே கூடுகிறார்கள் என்றால், அந்த உள்ளறை ஒன்பது பேர் கதைதான்.

பணத்தை ஒருவர் கையில் விடாதே. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் கி.பி. 197 வாக்கில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதுகிறார்: மாதம் ஒருமுறை, மனமுள்ளவர் முடிந்ததைக் காணிக்கையாகப் போடுவார், கட்டாயம் கிடையாது, ஏழைகளை அடக்கம் பண்ண, அநாதைகளுக்கு, வீட்டோடு முடங்கிய முதியவர்களுக்கு, சுரங்கத்திலும் சிறையிலும் கிடப்பவர்களுக்குச் செலவாகும். விருந்துக்கு அதில் கை வைக்கமாட்டார்கள். நீங்களும் சாப்பாட்டுச் செலவைத் தனியாக வையுங்கள். வெளியூர் ஊழியக்காரர் வந்தால் 'டிடாக்கே' என்ற ஆதிச் சபைக் கையேடு சொல்வதை நினைத்துக்கொள்: ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டு, மூன்றாம் நாளும் தங்கினாலோ தனக்கென்று பணம் கேட்டாலோ அவன் கள்ளத் தீர்க்கதரிசி. நோட்டு எழுது, இரண்டு பேர் கையெழுத்துப் போடுங்கள். கணக்கில் நீ கெட்டிக்காரி, அது எனக்குப் பெருமை. ஆனாலும் பணத்தை ஒருவர் கையில் விடாதே. பெரிய மாமா விஷயம் உனக்குத் தெரியும்.

அதே கையேட்டில் இன்னொன்றும் உண்டு. பிணக்குள்ளவர்கள் ஒப்புரவாகும் மட்டும் ஞாயிறு அப்பம் பிட்கும் கூட்டத்தில் சேரக்கூடாது. இதை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. உன் சபையின் ஈஸ்டர் கமிட்டியில் நீ கேட்ட கேள்வி நியாயமானது. எருசலேமில் கிரேக்கு பேசும் விதவைகளுக்கு அன்றாடப் பந்தியில் குறைவைத்தபோது அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களை அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், நிக்கானோர், தீமோன் என்று ஏழு பேரும் கிரேக்கப் பெயர்க்காரர். குறை சொன்ன பக்கத்தார் கையிலேயே பொறுப்பு போனது. உன் சபையில் அப்படி நடக்கவில்லை. அது அவர்கள் குற்றம்.

ஆனால் நீயும் சபைக்குப் போகாமல் ஒரேயடியாக நின்றுவிட்டாயே அம்மா. கி.பி. 155 வாக்கில் ரோமாபுரியில் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதியதில், ஞாயிறு கூட்டத்துக்கு வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் அப்பத்தை வீட்டுக்கே கொண்டுபோனார்கள். உன்னைத் தேடி அங்கிருந்து யாராவது வந்தார்களா? வந்திருந்தால் கதவைத் திறந்தாயா? வராவிட்டால் அதையும் எனக்கு எழுது, நான் போதகர் ஐயரிடம் பேசுகிறேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை விடச் சொல்லவில்லை. வீடுவீடாகக் கூடிய கொரிந்தியருக்கு, முழுச் சபையும் ஓரிடத்தில் கூடும் நாளும் இருந்தது.

அம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை. மாதக் கடைசியில் இரண்டு பேரும் வருகிறோம். ஞாயிறு காலை எந்தக் கோயிலுக்கு, எத்தனை மணி ஆராதனைக்குப் போவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. அம்மாதான் கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா