தண்டச்சீட்டும் தொலைபேசி அழைப்பும்

வெள்ளவத்தை, கொழும்பு

அன்பின் ராசன்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்து, தடியின்றி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று வாசித்ததும் மனம் நிறைந்தது. பனி விழும் நாட்களில் மட்டும் தனியாக வெளியே போகாதே. இங்கே நாங்கள் சுகம். பெரிய பேரன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். மாலையில் அவனை டியூசன் வகுப்பிலிருந்து அழைத்து வருவது என் பொறுப்பு. அதில் கடினமான பகுதி எங்கள் பிரதான வீதியான காலி வீதியைக் கடப்பதுதான்.

பாடசாலைகளுக்கு முன்னால் வைத்திருந்த வேகக் கமராக்களை, கனடாவில் உங்கள் ஒன்ராறியோ மாகாண அரசு 2025 நவம்பர் 14 முதல் தடை செய்துவிட்டதைப் பற்றி மிகவும் கோபத்தோடு எழுதியிருந்தாய். உன் கோபம் நியாயமானது. அந்தக் கமராக்கள் பாடசாலைப் பகுதிகளில் வேக மீறலை 45 சதவீதம் குறைத்தன என்று ரொறன்ரோ குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் கண்டறிந்த அதே ஆண்டில், முதல்வர் டக் போர்ட் அவற்றைப் பணம் பறிக்கும் கருவி என்று சொல்லித் தூக்கி எறிந்திருக்கிறார். மாகாணப் பொலிஸ் தலைவர்களின் சங்கமே கமரா வேண்டும் என்று சொல்லியும் பயனில்லை. வீதிச் சட்டத்தை மட்டும் கவனிக்கத் தனி அணி தம்மிடம் இல்லை என்று உங்கள் ரொறன்ரோ நகரப் பொலிஸ் தலைவர் 2019இல், பொலிஸை மேற்பார்வை செய்யும் பொலிஸ் சேவைகள் சபையின் முன் ஒப்புக்கொண்டதையும் நீ அப்போது எழுதியிருந்தாய். ஆளும் இல்லை, இப்போது கமராவும் இல்லை என்றால் அந்தப் பிள்ளைகளுக்கு யார் காவல்?

"உங்கள் ஊரில் பொலிஸைக் கேள்வி கேட்க யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டிருந்தாய். இருக்கிறார்கள், ராசன். ஆனால் கேட்க வேண்டியதை அவர்கள் கேட்பதில்லை. கேட்கக் கூடாததைத்தான் கேட்கிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு கூட்டம் நடந்தது. டியூசன் வகுப்புகள் உள்ள ஒழுங்கைகளில் வாகனங்களை இரண்டு வரிசையாக நிறுத்துவது, ஆட்டோக்கள் நடைபாதையில் ஏறுவது, பாதசாரிகள் கடவையில் ஒரு பஸ்ஸும் நிற்காதது ஆகியவைதான் முறைப்பாடுகள். மாநகர சபை உறுப்பினர் ஒருவர் வந்திருந்தார், போக்குவரத்துப் பிரிவு அதிகாரி ஒருவரும் வந்திருந்தார். உறுப்பினர் எழுந்து, தாம் பலமுறை எழுத்தில் அறிவித்தும் பொலிஸார் வருவதில்லை, முன்பு சந்திக்குச் சந்தி நின்று தண்டச்சீட்டு எழுதியவர்கள் இப்போது கைகாட்டிவிட்டு நிற்கிறார்கள் என்று கடுமையாகப் பேசினார். கூட்டத்தில் கைதட்டல் எழுந்தது. அதிகாரி அமைதியாகக் கேட்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நாங்கள் ஒரு வாகனத்தை நிறுத்தினால், அவர் சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுப்பதற்கு முன் கைத்தொலைபேசியை எடுக்கிறார். பேசிவிட்டு எங்களிடம் நீட்டுகிறார். மறுமுனையில் இருப்பவர் மக்கள் தெரிவு செய்த ஒருவர். அதற்குப் பிறகு நான் என்ன எழுதுவது?" உறுப்பினர் முகம் சிவந்து, தாம் ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை என்றார். "உங்களைச் சொல்லவில்லை, ஐயா" என்று அதிகாரி அமர்ந்துவிட்டார்.

பின்வரிசையிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அப்போது ஒரே கேள்விதான் கேட்டார். போன மாதம் இந்த வீதியில் எத்தனை சீட்டு எழுதினீர்கள், அதில் பஸ்ஸுக்கு எத்தனை, ஆட்டோவுக்கு எத்தனை? அதிகாரியிடம் எண் இல்லை. அதைவிட எனக்குக் கவலை தந்தது, கடிதம் கடிதமாக முறைப்பாடு அனுப்பிய உறுப்பினரிடமும் அந்த எண் இல்லை. ஒருபோதும் கேட்டதில்லை போலும்.

அதிகாரியின் பேச்சை நான் முழுதாக நம்பிவிட்டேன் என்று எண்ணாதே. தொலைபேசி வருவது உண்மை. வீதியோரத்திலேயே கைக்குக் கை முடிந்துபோகும் கணக்கு இருப்பதும் உண்மை. அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. மேலிடத்து அழைப்பைக் காரணம் காட்டினால் தம் பக்கத்து அழுக்கு மறைந்துவிடும் என்று நினைக்கும் பொலிஸாரும் இருக்கிறார்கள்.

நான் தபாலகத்தில் கருமபீடத்தில் இருந்த காலம் உனக்குத் தெரியும். தண்டப்பணம் கட்ட வருவோரின் முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. அனுமதிப்பத்திரம் பொலிஸாரிடம் இருக்கும், கையில் தண்டச்சீட்டு மட்டும் இருக்கும். 14 நாட்களுக்குள் கட்ட வேண்டும், தவறினால் 28ஆம் நாள் வரை இரட்டிப்பு, அதற்கும் மேலே போனால் நீதிமன்றம். பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைக் கொண்டுபோய்க் காட்டித்தான் அனுமதிப்பத்திரத்தை மீட்க வேண்டும். இப்போது கோவ்பே என்ற அரசாங்க இணையக் கட்டண முறை மூலம் கைத்தொலைபேசியிலேயே கட்டும் வசதி வந்திருக்கிறது, நல்லது. ஆனால் அந்த வரிசையில் நின்றவர்கள் யார்? ஆட்டோக்காரர், லொறிச் சாரதி, மோட்டார் சைக்கிளில் பொருள் கொண்டு செல்லும் இளைஞன். ஒரு நாள் சம்பளத்தை இழந்து வந்தவர்கள். பெரிய ஜீப்பின் சொந்தக்காரர் ஒருவரையும் அங்கே கண்ட நினைவு இல்லை. அவர்கள் தம் சாரதியை அனுப்பியிருக்கக் கூடும், அதையும் எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். அழைக்க ஒரு எண் இல்லாதவன்தான் தண்டம் கட்டினான்.

சட்டம் இங்கே மழை போல வருகிறது, வந்தால் வெள்ளம், பிறகு வறட்சி. 2020 ஜனவரியில் கொழும்பு வீதிகளில் இராணுவப் பொலிஸாரையே இறக்கினார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் பஸ்களுக்குத் தனி ஒழுங்கை என்று காலி வீதியில் கோடு பிரித்தார்கள். 2024 ஜனவரியில் சிசிடிவி கமராவில் பார்த்து, வாகன உரிமையாளருக்கு அறிவித்தல் அனுப்பத் தொடங்கினார்கள். உரிமை மாற்றாமல் கைமாறிய வாகனங்கள் நிறைந்த நாட்டில் அந்த அறிவித்தல் யார் வீட்டுக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. 2025 ஜனவரியில் பஸ்களிலும் ஆட்டோக்களிலும் பொருத்திய தேவையற்ற அலங்காரங்களைக் கழற்ற வைத்தார்கள். சங்கங்கள் எதிர்த்தன, அவகாசம் கொடுக்கப்பட்டது. 2016இன் கடைசியிலும் இதே கதைதான். ஏழு பெரிய குற்றங்களுக்குக் குறைந்தது 25,000 ரூபா தண்டம் என்று அறிவித்தவுடன் தனியார் பஸ்கள் வேலைநிறுத்தம் செய்தன. மேலிருந்து உத்தரவு வரும்போது கையை ஓங்குவதும், எதிர்ப்பு வந்ததும் இறக்குவதும் கீழே நிற்கும் கான்ஸ்டபிளுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. அவன் ஏன் தன் தலையைக் கொடுப்பான்?

100ஆம் இலக்க பஸ்ஸும் 101ஆம் இலக்க பஸ்ஸும் ஒரே தரிப்பிடத்துக்கு முந்தியடித்து வருவதை நீயும் பார்த்து வளர்ந்தவன். சாரதிக்கும் நடத்துநருக்கும் அன்றைய வசூலிலிருந்துதான் கூலி. அதை மாற்றாமல் சீட்டு எழுதி மட்டும் இந்தப் போட்டி ஓட்டத்தை நிறுத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாடு முழுவதும் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதியில் இறக்கிறார்கள். 2025 செப்டெம்பரில் மலைநாட்டு ஊரான எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தபோது நாடே அழுதது. கடவையில் ஒருவர் ஒருவராக இறப்பவர்களுக்காக எந்த விவாதமும் நடப்பதில்லை.

மாநகர சபையை மட்டும் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. 2023 மார்ச்சில் கலைந்த சபைக்கு 2025 மே மாதத்தில்தான் தேர்தல் நடந்தது. அதன் கையில் நடைபாதையும் வாகனத் தரிப்பிடமும் தன் வீதிகளும் இருக்கின்றன. காலி வீதியோ வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. பொலிஸ் மத்திய அரசின் கையில். 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் மாகாணங்களுக்குத் தந்த பொலிஸ் அதிகாரம் இன்றுவரை ஏட்டில்தான். ஆகவே உறுப்பினருக்கு நேர்வழி இல்லை, தொலைபேசி வழி மட்டும் இருக்கிறது. அதிகாரம் இல்லாத இடத்தில் செல்வாக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

உங்கள் பொலிஸ் சேவைகள் சபையில் நகரசபை உறுப்பினர்களும் அமர்கிறார்கள். அவர்கள் கொள்கை வகுக்கலாம், கணக்குக் கேட்கலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட சம்பவத்தில் இதைச் செய், இதை விடு என்று தலைவருக்குக் கட்டளையிட முடியாது. இங்கே நடப்பது இதற்கு நேர்மாறு. கணக்கை யாரும் கேட்பதில்லை, தனிச் சம்பவத்தில் எல்லோரும் கை வைக்கிறார்கள். 2001இல் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவை உருவாக்கியதே இந்தத் தலையீட்டைத் தடுக்கத்தான். அதன் அதிகாரத்தை 2010இல் பறித்தார்கள், 2015இல் திருப்பிக் கொடுத்தார்கள். கடவையில் நிற்கும் கான்ஸ்டபிளுக்கு அந்தப் பாதுகாப்பு வந்து சேரவில்லை.

ஆகவே அந்த ஆசிரியையும் நானும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுக்கப் போகிறோம். எங்கள் பகுதிச் சந்திகளில் மாதவாரியாக எழுதிய சீட்டுகள், வாகன வகை, குற்றம், எத்தனை சீட்டு பின்னர் மீளப்பெறப்பட்டது என்று நான்கு விவரங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். தமிழில் எழுதி முடித்துவிட்டேன், மருமகன் சிங்களப் பிரதி தயாரிக்கிறான். கிடைக்கும் எண்களை அந்த உறுப்பினரிடமே கொடுத்து, சபையில் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பச் சொல்லப் போகிறோம்.

இதற்கு உன் உதவி வேண்டும். ரொறன்ரோ பொலிஸ் தங்கள் சபைக்குக் கொடுக்கும் வீதிச் சட்ட அறிக்கை ஒன்றின் பிரதியை உன் மகளிடம் சொல்லி எடுத்து அனுப்பு. எந்தத் தலைப்புகளில் கணக்கு வைக்கிறார்கள் என்று பார்த்து, நாங்கள் கேட்க மறந்ததைச் சேர்த்துக்கொள்ளலாம். மாத முடிவுக்குள் கிடைத்தால் நல்லது, விண்ணப்பத்தை அதுவரை வைத்திருப்போம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
குலம்