பன்னிரண்டாவது வளைவு

அக்கா,

நேற்று அப்பாவுக்கு வருஷத் திதி. நீ வரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் உன் பையனுக்குப் பரீட்சை என்று சொல்லிவைத்தேன். நம் சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் பணக் கணக்கை எழுதப்போவதில்லை. யாருக்கு எவ்வளவு என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும், போதும்.

எனக்கு அந்தப் பன்னிரண்டாவது வளைவுதான் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். அப்பாவின் காப்பித் தோட்டத்தை விற்க, ஐந்து மணிக்குள் சேலத்தில் அட்வான்ஸ் வாங்க வேண்டும் என்று மூன்றாவது கியரில், பிரேக்கை மிதித்து மிதித்து ஓட்டினேன். ஏறின கியரிலேயே இறங்கணும், வண்டியை இன்ஜினே பிடிச்சுக்கும் என்று அப்பா 20 கொண்டை ஊசி வளைவுக்கும் 20 தடவை சொல்லுவார். அன்றைக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் வந்தது? கருகல் வாடை அடித்ததும் நீதான் ஓரங்கட்டச் சொன்னாய். இறங்கி, சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோய் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாய். "அரை மணி நேரம் ஆறட்டும்டா." சுவரில் ஒரு குரங்கு உட்கார்ந்து நம்மையே பார்த்தது. நான் மணியைப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் வண்டியை எடுத்துவிட்டேன்.

அடிவாரம் வந்தபிறகுதான் நீ வாய் திறந்தாய். "ஒரு பூ பார்த்துட்டு முடிவு பண்ணலாமே." பங்குனியில் ஒரு மழை விழுந்தால் பத்து நாளில் காப்பித் தோட்டமே வெள்ளையாகிவிடும். அதற்கு ரெண்டு மாசம்கூட இல்லை. அவங்க காத்திருக்க மாட்டாங்க என்றேன். கடைசியில் பத்திரம் பதிய அவர்களே ரெண்டரை மாசம் இழுத்தார்கள். அதற்குள் பூத்து உதிர்ந்தும் போயிருந்தது.

மன்னித்துவிடு. கருமாதி முடிந்து ஐந்தாம் நாள் எடுக்கிற முடிவா அது? ஆனால் அப்பாவின் காலிக் கட்டிலோடு அந்த வீட்டில் இருந்தது நான், நீ இல்லை. எதையாவது முடித்துவிட்டால் தூக்கம் வரும் என்று நினைத்தேன். உனக்குத்தான் தெரிந்திருந்ததே, ஏன் ஒரே ஒரு தடவை, அதுவும் அவ்வளவு மெதுவாகச் சொன்னாய்? கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கியபோது ஒரு வார்த்தை பேசினாயா? ஒரு வருஷமாகப் போனை எடுக்காமல் இருக்க மட்டும் தெரிகிறது.

சரி, விடு. சேலத்து வீட்டைக் கேட்டு ஒருவர் வந்துபோனார். நல்ல விலைதான். இந்த வாரமே பதில் வேண்டுமாம். அக்காவைக் கேட்காமல் பேச முடியாது, அவசரமென்றால் வேறு வீடு பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். மாடியில் உன் தையல் மெஷின் அப்படியே இருக்கிறது. எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.